மோட்டுப்பள்ளியும் காண்ட்லாவும்: துறைமுகச் சலுகையும் அரசின் உறுதிமொழியும்

முன்னுரை

வணிகரையும் முதலீட்டையும் ஒரு குறிப்பிட்ட துறைமுகத்தின்பால் ஈர்க்கும்பொருட்டு, அத்துறைமுகத்துக்கு மட்டும் சுங்கத் தீர்வையிலிருந்து முழு விலக்கோ பகுதி விலக்கோ அளிப்பது அரசுகள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழிமுறையாகும். இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு மெடிச்சி மரபினர் 1591, 1593 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய உரிமைகளும், புனித உரோமைப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1719இல் திரியெஸ்தே துறைமுகத்துக்கு வழங்கிய விலக்கும் இதற்குச் சான்றுகளாகப் பொதுவாகச் சுட்டப்பெறுவன. பிரிட்டனில் 1984இல் தொடங்கி 2012இல் முடிவுற்ற இத்திட்டம் 2021இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் 1965இல் குசராத்தின் காண்ட்லாவில் அமைக்கப்பெற்ற தடையிலா வணிக மண்டலம் ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது.

இம்முறை முற்றிலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது எனக் கருதுவாரும் உளர். ஆயின், துறைமுக வணிகத்தை வளர்க்கும் நோக்குடன் அரசு தன் வருவாய் உரிமைகளைத் தானே குறைத்துக்கொண்டமைக்கு இந்தியக் கல்வெட்டுகளிலேயே தெளிவான சான்று உள்ளது. ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியின் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாசனத்தையும் காண்ட்லா மண்டலத்தின் வரலாற்றையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. சலுகையின் அளவு, அரசு தந்த வாக்கின் உறுதி, துறைமுகத்துக்குப் பின்னுள்ள நிலப்பகுதியின் வளம் ஆகிய மூன்றனுள் வட்டார வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது எது என்பதே இதன் ஆய்வு வினாவாகும்.

உல்குபொருளும் உறுபொருளும்

துறைமுகச் சுங்கம் பற்றிய தமிழ்ச் சான்றுகள் தொன்மையானவை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பண்டங்கள் சோழரின் புலிப்பொறி இடப்பெற்றுக் காவலர் பொறுப்பில் குவிந்து கிடந்த நிலையை விரித்துரைக்கிறது. சுங்கம் அங்கு அரசின் செல்வத்துக்கும் காவலுக்கும் அடையாளமாகப் பேசப்படுகிறது.

அரசனுக்குரிய பொருள்களை வகுத்துக் கூறும் குறள் (756), உறுபொருள், உல்குபொருள், பகைவரிடமிருந்து பெறும் திறைப்பொருள் என மூன்றைச் சுட்டுகிறது. உல்குபொருள் என்பது கலத்தினும் காலினும் வரும் பண்டங்களுக்கு உரிய தீர்வை. உறுபொருள் என்பதற்கு, உடையவர் இல்லாமையால் தானே வந்து சேர்ந்த பொருள் எனப் பரிமேலழகர் விளக்கம் தருகிறார். நிலத்தில் நெடுங்காலம் கிடந்து கண்டெடுக்கப்பட்டதும், உரிமையாளர் மரபில் பெறுவார் இல்லாததும் அதனுள் அடங்கும். இப்பகுப்பு துறைமுக வரலாற்றைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணைபுரிகிறது. உடைந்த கலத்திலிருந்து கரை ஒதுங்கிய சரக்கும், அயல்நாட்டில் வாரிசின்றி இறந்த வணிகனின் சொத்தும் ‘தானே வந்த பொருள்’ என்ற கருத்தின்கீழ் எளிதில் கொண்டுவரத்தக்கவை. வணிகன் அஞ்சியது தீர்வைக்கு மட்டுமன்று. தன் முழு முதலும் உறுபொருளாகிவிடும் நிலைக்கும் அவன் அஞ்ச வேண்டியிருந்தது.

முதற்குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் போற்றப்பட்டமை யாவரும் அறிந்ததே. அவ்விலக்கு எவ்வெப்பகுதிகளில் எவ்வளவு காலம் நடைமுறையில் இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சுங்கத்தைத் தவிர்த்தல் ஓர் அரசனின் புகழுக்குரிய செயலாக மதிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. இக்கருத்து குறிப்பிட்ட ஒரு துறைமுகத்துக்கு உரிய விதியாக விரிந்து அமைவதை மோட்டுப்பள்ளியில் காணலாம்.

மோட்டுப்பள்ளி அபய சாசனம்

மோட்டுப்பள்ளி கிருஷ்ணை ஆற்றின் கழிமுகத்துக்குத் தென்மேற்கே, இன்றைய பாபட்லா மாவட்டத்தில் உள்ளது. தேசியுய்யக்கொண்டபட்டினம் என்னும் பெயரும் இவ்வூருக்கு வழங்கியது. இப்பெயரின் தமிழ்ச் சாயல், சோழர் ஆட்சித் தொடர்பையும் ‘தேசி’ எனப்பெற்ற நாடுசுற்றும் வணிகரின் தொடர்பையும் ஒருங்கே நினைவூட்டுகிறது.

ஒருகல்லைத் தலைநகராகக் கொண்ட காகதீய மன்னர் கணபதிதேவர் சக ஆண்டு 1166இல், அஃதாவது கி.பி. 1244-45இல், இவ்வூரில் நாட்டிய தூண் சாசனம் கடல் வணிகருக்கு அபயம் அளிப்பது. புயலில் சிக்கி உடைந்து கரையில் ஒதுங்கிய கலங்களின் பொன், யானை, குதிரை, மணி முதலிய சரக்கனைத்தையும் முந்தைய அரசர்கள் வலிந்து கைப்பற்றி வந்தனர் எனச் சாசனம் வெளிப்படையாகக் கூறுகிறது. உயிரினும் பொருளைப் பெரிதாக எண்ணிக் கடற்பயணத்தின் இடர்களை மேற்கொண்டோர்பால் கொண்ட இரக்கத்தாலும், புகழையும் அறத்தையும் கருதியும், வரையறுக்கப்பட்ட சுங்கம் தவிர மற்ற அனைத்தையும் தாம் விட்டுக்கொடுப்பதாக மன்னர் அறிவிக்கிறார். ஏற்றுமதி, இறக்குமதி ஆகிய இரண்டுக்கும் சுங்கம் முப்பதில் ஒரு பங்கு என வரையறுக்கப்பட்டது. சந்தனம், கற்பூரம், முத்து, பன்னீர், தந்தம், செம்பு, ஈயம், பட்டு, பவளம், மிளகு முதலியவற்றுக்கான தீர்வைகள் தனித்தனியே பட்டியலிடப்பட்டுள்ளன.

இங்குச் சில கூறுகள் சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவதாக, மன்னர் உல்குபொருளைக் கைவிடவில்லை. அதற்கு எல்லை வகுத்தார். முற்றாகக் கைவிட்டது உறுபொருள் மீதான உரிமையையே. இரண்டாவதாக, தீர்வைப் பட்டியல் கல்லில் பொறிக்கப்பட்டு, துறைமுகத்துக்கு வருவோர் அறியும் இடத்தில் நிறுத்தப்பட்டது. அதிகாரியின் விருப்பப்படி தீர்வை கூட்டப்படுதற்கு இதனால் ஒரு தடை உண்டாயிற்று. மூன்றாவதாக, முந்தைய அரசர்களின் செயல் தவறானது என்பதை அரசே ஒப்புக்கொண்டு எழுதியது. வாக்கு நம்பத்தக்கதாக அமைய இவ்வொப்புதலும் காரணமாயிற்று எனலாம்.

இச்சாசனத்தை அடுத்த காலத்தில் இத்துறைமுகத்தின் நிலையை மார்க்கோ போலோவின் குறிப்பு காட்டுகிறது. அவர் ‘முட்ஃபிலி’ எனச் சுட்டும் நாடு மோட்டுப்பள்ளியைத் துறையாகக் கொண்ட காகதீய நாடே என்பர். வைரமும் மிக மெல்லிய துணிவகைகளும் அந்நாட்டின் சிறப்புப் பொருள்களாக அவரால் பேசப்படுகின்றன. இவை உள்நாட்டில் விளைந்தவை, நெய்யப்பட்டவை. துறைமுகத்துக்குப் பின்னே சரக்கை விளைவித்தும் நுகர்ந்தும் வந்த நிலப்பகுதி, அஃதாவது பின்னிலம், வளமாக இருந்தது. சாசனம் அவ்வளத்துக்குக் கடல்வழியைத் திறந்துவிட்டது.

காகதீயர் வீழ்ச்சிக்குப்பின் 1358இல் கொண்டவீட்டு ரெட்டி மன்னர் அனவோதர் காலத்தில் மோட்டுப்பள்ளியில் மீண்டும் ஒரு சாசனம் வெளியிடப்பெற்றது. வணிகர் விரும்பியவாறு வந்து குடியேறவும், சரக்கை விற்கவும், வேறிடம் செல்லவும் அதில் உரிமை தரப்பட்டது. வாரிசின்றி இறந்தோர் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும் ‘அபுத்திரிக’ உரிமையும் அதில் கைவிடப்பட்டது. பரிமேலழகர் கூறும் உறுபொருளின் மற்றொரு கூறு இவ்வாறு நீங்கியது. ஓர் அரசமரபின் வாக்கு அம்மரபோடு முடிந்துவிடும் என்பதால், புதிய மரபு அதனைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது என்பதும் இதனால் விளங்கும்.

பினாங்கும் சிங்கப்பூரும்: சலுகையின் சுமை

பிரிட்டிஷார் 1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் நிறுவிய துறைமுகங்கள் தீர்வையற்றவையாகத் தொடங்கப்பெற்றன. மலாக்கா நீரிணையில் டச்சுக்காரரின் ஆதிக்கத்தை எதிர்கொள்வது இதன் நோக்கங்களுள் ஒன்று. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளிலிருந்து சென்ற சூலியா வணிகர் பினாங்கின் தொடக்ககால வளர்ச்சியில் பங்குகொண்டமை தமிழர் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது.

இத்துறைமுகங்களில் சுங்கம் இல்லையென்றாலும் அரசுக்குச் செலவு இருந்தது. அபினி, சாராயம் முதலியவற்றை விற்கும் தனியுரிமையைக் குத்தகைக்கு விட்டே பெரும்பகுதி வருவாய் ஈட்டப்பட்டது. அபினி நுகர்வோரில் பெரும்பாலோர் உழைப்பாளிகளாகிய சீனக் குடியேறிகள். வணிகன் செலுத்தாத தீர்வையைக் கூலியாள் வேறு பெயரில் செலுத்தினான் என்பதே இதன் பொருள். எந்தச் சலுகையையும் ஆராய்கையில் அதன் சுமை யாரைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டிய தேவையை இவ்வரலாறு உணர்த்துகிறது.

காண்ட்லா: துறைமுகமும் மண்டலமும்

1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் கராச்சித் துறைமுகம் பாகிஸ்தானுக்குச் சென்றது. வடமேற்கு இந்தியாவின் சரக்குப் போக்குவரத்துக்கு மாற்றுத் துறைமுகமாகக் கட்சு வளைகுடாவில் காண்ட்லா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1955இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சிந்துவிலிருந்து வந்த அகதிகளுக்காக அருகே காந்திதாம் நகர் உருவாயிற்று. எனவே, 1965இல் தடையிலா வணிக மண்டலம் அங்கு அமைக்கப்பட்டபோது ஏற்றுமதிப் பெருக்கத்தோடு, பின்தங்கிய கட்சுப் பகுதியின் வளர்ச்சியும் அகதிகளின் வாழ்வாதாரமும் நோக்கங்களாக இருந்தன.

மண்டலத்தின் தொடக்க கால வளர்ச்சி மெதுவாகவே அமைந்தது. அதற்கு மறு ஆண்டு, 1966இல், தைவானின் காவ்சியுங் துறைமுகத்தில் தொடங்கப்பெற்ற ஏற்றுமதி மண்டலம் சில ஆண்டுகளிலேயே நிரம்பி, மேலும் இரு மண்டலங்கள் தேவைப்படும் நிலை உண்டாயிற்று. இரண்டிலும் தீர்வை விலக்கு இருந்தது. ஆயின் காவ்சியுங் மண்டலம் வளர்ந்துவந்த தொழில் நகரொன்றின் துறைமுகத்திலேயே அமைந்திருந்தது. காண்ட்லாவோ தொழில் நகரங்களிலிருந்து தொலைவில், நன்னீர் அரிதான பகுதியில் இருந்தது. மேலும், அங்குள்ள தொழிலகங்களுக்கு உரிமம், அந்நியச் செலாவணி முதலியவற்றில் நாட்டின் பொதுவான கட்டுப்பாடுகள் பெரிதும் நீங்கவில்லை.

1980களில் காண்ட்லா மண்டலத்தின் ஏற்றுமதி உயர்ந்தது. அதன் பெரும்பகுதி ரூபாய் வணிக ஒப்பந்தத்தின் வழிச் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது அவ்வேற்றுமதியும் சரிந்தது. ஆகவே அக்கால வளர்ச்சிக்கு மண்டலச் சலுகையைவிட இரு அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தமே முதற்காரணம் எனக் கொள்ளுதல் தகும்.

மண்டலம் இவ்வாறு தளர்ந்திருக்க, அதே காண்ட்லாவின் துறைமுகம் தொடர்ந்து வளர்ந்தது என்பது மிக முக்கியமான ஒப்பீடாகும். 2007-08இல் சரக்குக் கையாளுதலில் இந்தியப் பெருந்துறைமுகங்களுள் முதலிடத்தை அது அடைந்தது. பெட்ரோலியம், உணவுதானியம், உரம், மரம் முதலிய சரக்குகளே இதற்குக் காரணம். இச்சரக்குகள் இரயில்வழியாலும் நெடுஞ்சாலைகளாலும் குழாய்வழிகளாலும் இணைக்கப்பெற்ற வடமேற்கு இந்தியாவாகிய பின்னிலத்துக்குரியவை. வேலிக்குள் இருந்த மண்டலத்துக்கோ அப்பின்னிலம் சட்டப்படி அயல்நாடு போன்றது. மண்டலச் சரக்கு உள்நாட்டில் விற்கப்பட்டால் சுங்கம் செலுத்த வேண்டும். வட்டார வளர்ச்சிக்கென அமைக்கப்பட்ட ஒன்று, வட்டாரத்திலிருந்து சட்டத்தாலேயே பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

2005ஆம் ஆண்டுச் சட்டமும் நிலமும்

2000ஆம் ஆண்டுக் கொள்கை அறிவிப்புக்குப்பின் காண்ட்லா உள்ளிட்ட மண்டலங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாக மாற்றப்பட்டன. 2005இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பெற்று 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழிலகங்களுக்கு வருமான வரிச்சலுகை முதல் ஐந்தாண்டுகளுக்கு முழுமையாகவும் பின்னர்ப் பகுதியாகவும், மொத்தம் பதினைந்து ஆண்டுகள்வரை வகுக்கப்பட்டது. தனியாரும் மண்டலங்களை உருவாக்கலாம் என்ற நிலையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்தன.

இதன் சுமை முதலில் நிலமுடையோரையும் நிலத்தை நம்பியோரையும் சேர்ந்தது. மேற்கு வங்கத்தின் நந்திகிராமத்தில் வேதித் தொழில் மண்டலத்துக்கான நிலமெடுப்பை எதிர்த்தோர்மீது 2007 மார்ச் 14 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 14 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில், மண்டலங்களுக்காக மாநில அரசுகள் கட்டாய நிலமெடுப்பில் ஈடுபடலாகாது என்றும், மண்டலத்தின் பரப்பு 5,000 ஹெக்டேரை விஞ்சலாகாது என்றும் நடுவண் அரசு முடிவு செய்தது. மகாராட்டிரத்தின் இராய்கட் மாவட்டத்தில் 22 சிற்றூர்களில் 2008 செப்டம்பரில் மக்கள் கருத்துக் கணிப்பு நடத்தும் நிலையும் ஏற்பட்டது.

இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2014ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 45,600 ஹெக்டேர் நிலத்துள் ஏறத்தாழ 28,500 ஹெக்டேரில் மட்டுமே மண்டலப் பணிகள் தொடங்கியிருந்தன. எஞ்சிய நிலம் உழவுக்கும் பயன்படவில்லை, தொழிலுக்கும் பயன்படவில்லை.

மறுபுறம், அரசு தந்த வாக்கும் நிலைக்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்தாண்டுகளே ஆன நிலையில், 2011இல் இம்மண்டலங்கள்மீது குறைந்தபட்ச மாற்று வரி விதிக்கப்பட்டது. 2019இல் உலக வணிக அமைப்பின் தீர்ப்பாயம், இம்மண்டலச் சலுகைகள் உள்ளிட்ட இந்திய ஏற்றுமதி ஊக்கங்கள் பலவும் உடன்படிக்கைக்கு மாறானவை என முடிவு கூறியது. இந்தியா அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. நிலத்தை இழந்தவருக்கு வேலை கிட்டவில்லை, முதலிட்டவருக்கு வாக்கு நிலைக்கவில்லை என்ற இருபுற இழப்பு பல இடங்களில் நேர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. துறைமுகத்துக்குச் சலுகை அளித்து வணிகத்தை வளர்க்கும் முறை இந்திய அரசியல் மரபுக்குப் புதியதன்று. குறளும் அதன் உரையும் வகுக்கும் உல்குபொருள், உறுபொருள் என்னும் பகுப்பு, மோட்டுப்பள்ளிச் சாசனங்களைப் பொருள்கொள்ளப் பொருத்தமான கருவியாகும்.

2. மோட்டுப்பள்ளியில் வணிகன் பெற்றது தீர்வை விலக்கைக் காட்டிலும், தன் முதல் பறிக்கப்படாது என்னும் உறுதியே. முப்பதில் ஒரு பங்கு தீர்வை அவனைத் தடுக்கவில்லை.

3. காண்ட்லாவில் தீர்வை விலக்குப் பெற்ற மண்டலம் தளர, பின்னிலத்தோடு இணைந்த துறைமுகம் வளர்ந்தது. பின்னிலத் தொடர்பின்றிச் சலுகை மட்டும் வட்டார வளர்ச்சியைத் தருவதில்லை.

4. சலுகைக்குரிய விலையை எவரேனும் கொடுத்தே தீர்கின்றனர். சிங்கப்பூரில் அபினி உண்ட கூலியாளும் நந்திகிராமத்தில் நிலத்துக்காகப் போராடிய உழவரும் அவ்வாறு கொடுத்தவர்கள்.

கணபதிதேவரின் சாசனம், கரை ஒதுங்கிய பொருளுக்கும் உடையவன் உண்டு என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. கடல்வழி வந்தவனுக்கு எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அளிக்கப்பட்ட அந்த அபயம், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் கரையிலேயே வாழும் உழவனுக்கு எழுதப்படவில்லை. இனி இயற்றப்படும் துறைமுகச் சட்டங்கள் முதலில் நிரப்ப வேண்டிய குறை இதுவேயாகும்.