கருத்து முன்னே, பாத்திரம் பின்னே: வீடியோ கேம்களின் பால்புதுமைப் பாத்திரங்களும் தென்காசி வட்டாரத்துக் கேமர்களும்

வீடியோ கேம்களில் வரும் பால்புதுமைப் பாத்திரங்களை விளையாடுகிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்கும் ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை. அங்கே கேள்வி நேரானது. பாத்திரம் திரையில் நிற்கிறது, அதை ஏற்கிறார்களா மறுக்கிறார்களா என்று கேட்டால் போதும். அதே கேள்வியைச் செங்கோட்டைக்கோ தென்காசிக்கோ கொண்டுவந்தால் வேறொரு கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. அந்தப் பாத்திரம் இங்கே வந்ததா? வந்தது என்றால் எப்போது, யார் கைவழியாக? இந்த வட்டாரத்தில் பாத்திரம் வருவதற்கு முன்பே அதைப் பற்றிய கருத்து வந்து இறங்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை நிறுவ மேடையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

செங்கோட்டைக்கு வேடம் புதிதில்லை. எஸ். ஜி. கிட்டப்பா 1906-ல் பிறந்த ஊர். சிறுவனாகவே சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் மேடையேறியவர் அவர். பின்னாளில் குணச்சித்திர நடிகராகப் பேர் வாங்கிய எஸ். வி. சுப்பையாவும் செங்கோட்டைக்காரர்தான், பாய்ஸ் கம்பெனி வழியாக வந்தவர்தான். பாய்ஸ் கம்பெனியில் சீதையும் பையன், வள்ளியும் பையன். ஸ்திரீ பார்ட் என்பது கற்றுத் தேற வேண்டிய தொழில், அதில் கைதேர்ந்தவருக்குத் தனி மவுசு. சிவாஜி கணேசன் சீதையாக நின்றதும் இந்த மரபில்தான். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்தார், அந்தப் பேரே அவரோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை ‘அவ்வை’ சண்முகமாகவே இருந்தார். எதிர்த்திசையிலும் நடந்தது. கிட்டப்பாவை மணந்த கே. பி. சுந்தராம்பாள் 1935-ல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஊரை விட்டு மலையேறினால் ஆரியங்காவு சாஸ்தா இருக்கிறார், அரனுக்கும் மோகினியான அரிக்கும் பிள்ளை. அந்தக் கதையைச் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னவர்கள் இப்பக்கம் யாருமில்லை.

இதை வைத்துக்கொண்டு ‘நம் மரபு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது’ என்று கிளம்பும் கட்டுரைகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேடையில் ஏற்கப்பட்டது வேடம். வேடம் கலைந்த பிறகும் அதே நடையோடு தெருவில் போகிறவருக்கு அந்த ஏற்பு கிடைக்கவில்லை. நாடகம் மங்கிச் சினிமா வந்ததும் ஸ்திரீ பார்ட்டுக்குத் தேவையில்லாமல் போயிற்று. அதன் இடத்தில் உட்கார்ந்தது கேலி. பெண்மை கலந்த ஆண், நகைச்சுவைக் காட்சியில் பத்து நொடி வந்து அடிவாங்கிப் போனான், இல்லாவிட்டால் ‘வேட்டையாடு விளையாடு’ (2006) போல வில்லனானான். ‘சூப்பர் டீலக்ஸ்’ ஷில்பா வர 2019 ஆயிற்று. கேம்களின் முன்னே வந்து உட்கார்ந்த தமிழ்ப் பையன்களின் கண் இந்தச் சினிமாவில் பழகிய கண்.

கேம்களின் வரலாறும் கேலியில்தான் தொடங்குகிறது, ஒரு விதிவிலக்கைத் தவிர. அது 1989-ல் சி. எம். ரால்ஃப் உருவாக்கிய ‘கேப்பர் இன் த காஸ்ட்ரோ’. காணாமல் போன ஒரு டிராக் கலைஞரைப் பெண் துப்பறிவாளர் ஒருவர் தேடும் கதை. மெக்கின்டாஷ் கணினிக்காக எழுதி, விலை வைக்காமல், எய்ட்ஸ் நிவாரணத்துக்கு நன்கொடை தரச் சொல்லிப் பரப்பினார்கள். சந்தைக்கு வந்தவை வேறு மாதிரி. நிண்டெண்டோவின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ (1988) கையேட்டில் பேர்டோ என்ற பாத்திரத்தைத் தன்னைப் பெண்ணென்று நினைத்துக்கொள்ளும் ஆணாக, ஒரு வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். கேப்காமின் ‘ஃபைனல் ஃபைட்’டில் (1989) வரும் பாய்சன், பெண்ணை அடிப்பதாக ஆகிவிடக் கூடாதே என்ற கவலையில், அமெரிக்க வீட்டுக் கருவிப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டு, அந்த இடத்தில் ஆண் ரவுடி வந்தான்.

இந்த இரண்டும் நம் ஊர்ப் பையன்களுக்கு எப்படி வந்தன என்பதுதான் இங்கே பொருட்படுத்த வேண்டியது. 1990-களில் பொம்மைக் கடையில் விற்ற டிவி கேம் பெட்டிகள் நகல்கள். ஒரே கேசட்டில் நூறு ஆட்டம் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே பாதி திரும்பத் திரும்ப வரும். கையேடு கிடையாது. பேர்டோவின் பாலினம் இருந்ததே அந்தக் கையேட்டின் ஒரு வரியில்தான். கையேடு வராதபோது பேர்டோ முட்டை துப்பும் இளஞ்சிவப்பு மிருகம், அவ்வளவுதான். காயின் போட்டு ஆடும் கடைகளிலும் கதை இதுவே. ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற ஆட்டத்தை முஸ்தபா என்று மட்டுமே அறிந்த தலைமுறை அது. ஆங்கிலக் கதை யாருக்கு வேண்டும்? யாரை அடிக்கிறோம் என்பதைவிட எத்தனை காயின் மிச்சம் என்பதே கவலை.

அடுத்தது நெட் சென்டர் காலம். ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’கும் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’யும் திருட்டு சிடியில் சிறுநகரமெங்கும் ஓடின. முன்னதில் பாத்திரம் என்று ஒன்றே இல்லை. ஜிடிஏ வரிசையில் பால்புதுமையர் வந்தார்கள், பெரும்பாலும் பகடிப் பொருளாக. ‘ஜிடிஏ 5’ (2013) ஆட்டத்தில் இரவு விடுதி வாசலில் நின்ற திருநங்கைப் பாத்திரங்கள் இழிவாக உள்ளன என்று கேம் துறையின் பால்புதுமையர் குழு ஒன்று எழுதிக் கேட்ட பின், 2022-ல் வந்த புதிய கருவிகளுக்கான பதிப்பில் அவை இல்லை. நம் பையன்களுக்கு அவை விசித்திரமாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. சினிமாவில் பார்த்துச் சிரித்ததே கணினியிலும் இருந்தது.

இதே பத்தாண்டுகளில் வெளியே பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ‘ஃபால்அவுட் 2’ (1998) ஒரே பாலினத்தவர் மணம் செய்துகொள்ள வழி வைத்தது. ‘த சிம்ஸ்’ (2000) ஆட்டத்தில் யாரும் யாரையும் காதலிக்கலாம். பயோவேர் நிறுவனத்தின் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ (2009), ‘மாஸ் எஃபெக்ட் 3’ (2012) போன்றவற்றில் அந்தக் காதல் கதையின் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது. இவை இந்தியக் கடைகளிலும் விற்றவை.

2014 நவம்பரில் வந்தது திருப்பம். ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ உலகெங்கும் வெளியாகும் வாரத்தில், அதை இந்தியாவில் விற்கப்போவதில்லை என்று வெளியீட்டு நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. உள்ளூர்ச் சட்டத்தை மீறாமல் இருப்பதற்காக என்றார்கள், முன்பதிவுப் பணம் திரும்பி வரும் என்றார்கள். எந்தச் சட்டம், எந்தக் காட்சி என்று விளக்கவில்லை. கேமர்கள் தாங்களே விடை கண்டார்கள். ஆட்டத்தில் டோரியன் என்ற மந்திரவாதி இருக்கிறான். ஆணைக் காதலிப்பவன். அவனை மாற்றிவிட வேண்டும் என்று பெற்ற தகப்பனே ரத்த மந்திரத்தை நாடியதுதான் அவன் கதையின் காயம். முந்தைய டிசம்பர் 11-ல்தான் உச்ச நீதிமன்றம் சுரேஷ் குமார் கௌஷல் வழக்கில் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்திருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தவர்கள் 377 என்று முடிவு கட்டினார்கள்.

அந்த ஊகத்தை முற்றாக ஒப்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. தள்ள முடியாததற்குக் காரணம் காலவரிசை. ‘ஆரிஜின்ஸ்’ வந்ததும் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வந்ததும் 377-ஐத் தளர்த்திய டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2009 ஜூலை தீர்ப்புக்கும் 2013 டிசம்பர் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலத்தில். அந்த நான்கரை ஆண்டு இடைவெளியில் வந்தவை விற்றன, மூடிய பின் வந்தது நின்றது. ஒப்ப முடியாததற்குக் காரணம், ஆபாசத் தடைச் சட்டத்துக்கு அஞ்சியும் நிறுவனம் அப்படிச் செய்திருக்கலாம், ஆட்டத்தில் உடையற்ற காட்சிகளும் உண்டு. சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருப்பதுபோல் கேமுக்கு ஒரு வாரியம் இந்தியாவில் இல்லை. சான்றிதழ் கேட்டுப் போய் நிற்க இடமில்லாததால் வணிகர் தானே முன்கூட்டி அஞ்சிக்கொள்கிறார். 2008-ல் ‘ஃபால்அவுட் 3’ ஆட்டத்தை மைக்ரோசாஃப்ட் பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி இங்கே வெளியிடாமல் விட்டதும் இதே வகைதான். அதில் வரும் இரண்டு தலை மாட்டுக்குப் பிராமின் என்று பேர் வைத்ததே காரணம் என்று அன்றும் கேமர்களே ஊகித்துக்கொண்டார்கள்.

இன்குவிசிஷனில் இன்னொருவர் இருக்கிறார். க்ரெம், திருநம்பி, கூலிப்படையின் துணைத்தலைவர். இந்தப் பாத்திரத்தை 2014-ன் இந்தியாவில் வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். அவ்வாண்டு ஏப்ரல் 15-ல்தான் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு பாலின அடையாளத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை அங்கீகரித்திருந்தது. தமிழ்நாடு 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்திருந்தது. ஆக ஒரே ஆட்டப் பெட்டிக்குள் சட்டம் அங்கீகரித்த க்ரெமும் சட்டம் குற்றவாளியாக்கிய டோரியனும் ஒன்றாக அடைபட்டிருந்தார்கள். பெட்டியே வராததால் இருவரையும் இங்கே யாரும் பார்க்கவில்லை. வெளிநாட்டு விற்பனைக் குறியீடு வாங்கி இறக்கிக்கொள்ளத் தெரிந்த சிலரைத் தவிர.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இந்த வட்டாரத்தின் கேம் வரலாற்றில் அதைவிடப் பெரிய தேதி கிடையாது. கணினியைத் தாண்டிக் கைப்பேசிக்கு ஆட்டம் வந்தது, பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் வந்தன. அவற்றோடு யூடியூப் வந்தது. கதை சொல்லும் பெரிய ஆட்டத்தின் டிஸ்க் அப்போது மூவாயிரம் நாலாயிரம் ரூபாயாக இருந்தது, அதை ஓட்டும் கருவி அதற்குப் பல மடங்கு. ஆகவே கதை ஆட்டங்கள் பலருக்கு விளையாடும் பொருளாக இல்லாமல், யாரோ விளையாடப் பார்க்கும் பொருளாக வந்தன. ஆட்டத்தோடு ஆடியவர்களின் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

‘த லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ இதற்குச் சரியான சான்று. 2020 ஏப்ரலில் கதை கசிந்தது. தசைப்பிடிப்பான உடல் கொண்ட ஆபி என்ற பெண் பாத்திரம் ஒரு திருநங்கை என்று வதந்தி கிளம்பியது. ஆபி அப்படியில்லை. உண்மையில் திருநம்பியாக வருபவன் லெவ் என்ற சிறுவன். ஜூன் 19-ல் ஆட்டம் வெளியான சில மணி நேரத்தில், இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆட்டத்தை யாரும் முடித்திருக்கவே முடியாத நேரத்தில், மெட்டாகிரிட்டிக் தளத்தில் பூச்சிய மதிப்பெண்கள் குவிந்தன. கருத்து பாத்திரத்தை முந்தியது அமெரிக்காவிலும்தான். வித்தியாசம் அதற்குப் பிறகு. அங்கே கோபம் தணிந்து ஆடிப் பார்த்து, அதன் காதல் இணையான எல்லியையும் டினாவையும் நேசித்தவர்கள் ஏராளம். இங்கே ‘வோக்’ என்ற வசைச்சொல் மட்டும் வந்து தங்கிவிட்டது. ஆட்டம் பெரும்பாலோர் கைக்கு வரவில்லை.

கையில் உள்ள ஆட்டத்தில் என்ன நடக்கிறது? பப்ஜி வகையறாவில் கதையில்லை, உருவம் மட்டும் உண்டு. பையன்கள் பெண் உருவம் எடுத்து ஆடுவது சாதாரணம். கேட்டால், பெண் உருவம் ஒல்லி, குண்டு படாது என்று பதில் வரும். ஆட்டத்தின் கணக்கில் இரண்டு உருவத்துக்கும் குண்டு படும் பரப்பு ஒன்றே. பொய்க் காரணம்தான், ஆனால் காரணம் ஒன்று தேவைப்படுகிறதே, அதுதான் கவனிக்கத் தக்கது. நூறு ஆண்டுக்கு முன் ஸ்திரீ பார்ட் எடுத்த பையனிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. உருவத்தைவிடக் குரல் இன்னும் கடுமையான எல்லை. ஸ்குவாடில் மைக்கைப் போட்டதும் குரல் கொஞ்சம் மென்மையாக இருந்தால் ‘பொண்ணாடா நீ’ என்பதில் தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். பெண்களும் திருநங்கையரும் மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். பாத்திரச் சித்திரிப்பை மட்டும் அளக்கும் ஆய்வுகள் இந்த இடத்தைத் தவறவிடுகின்றன.

அமெரிக்க ஆய்வாளர் ஏட்ரியன் ஷா இந்தியக் கேம் பண்பாட்டையும் ஆராய்ந்தவர். 2014-ல் வந்த ‘கேமிங் அட் த எட்ஜ்’ நூலில், ஓரத்தில் உள்ளவர்கள் திரையில் தங்கள் சாயலைக் கட்டாயம் தேடுவார்கள் என்ற அனுமானத்தையே அவர் கேள்விக்குள்ளாக்கினார். தங்களைப் போன்ற பாத்திரம் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் ஆடுவோம் என்ற மனநிலையை அவர் பதிவு செய்தார். இதை நான் பாதிதான் ஏற்கிறேன். ‘வெண்பா’ அதற்குக் காரணம். 1988-ல் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதையாக டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் கொண்டுவந்த ஆட்டம் அது. இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்பதே அதில் ஒரு புதிர். அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் அதற்கே கிடைத்தது. நம் சமையலறை திரையில் வந்ததற்குத் தமிழர் அடைந்த பூரிப்பைப் பார்த்தால், பிரதிநிதித்துவம் எதற்கு என்ற கேள்வி இங்கே யாருக்கும் புரியாததல்ல என்று தெரிகிறது. தனக்கு என்று வரும்போது புரிகிறது.

சட்டம் இதற்குள் வெகுதூரம் போய்விட்டது. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ன் பகுதி 2018 செப்டம்பர் 6-ல் விழுந்தது. தூத்துக்குடித் திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ திருநங்கையையும் குறிக்கும் என்றது. மதுரையிலிருந்து சென்னை வந்த இரு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜூனில், முதலில் தானே இது பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உளவியலாளரிடம் அமர்ந்து, பிறகு உத்தரவு எழுதினார். டோரியனை நிறுத்தி வைத்ததாகக் கேமர்கள் நம்பிய தடை இன்று இல்லை.

‘வெண்பா’ வந்த அதே 2023-ன் நவம்பரில் ‘தர்ஸ்டி சூட்டர்ஸ்’ வெளியானது. உருவாக்கியது அவுட்டர்லூப் கேம்ஸ். நாயகி ஜாலா தெற்காசியக் குடும்பத்துப் பெண். சொந்த ஊர் திரும்பி, முன்பு காதலித்துக் கைவிட்ட ஆண்களையும் பெண்களையும் ஒவ்வொருவராக எதிர்கொள்கிறாள். இடையில் அம்மாவோடு சமைக்கிறாள், ஸ்கேட்போர்டில் பறக்கிறாள். மாப்பிள்ளைகளை வரிசையாக ஏவிவிடும் குடும்பத் தலைவியை எல்லோரும் அஞ்சி அழைப்பது ‘பாட்டி’ என்று. டோரியனைவிட நமக்கு மிக அருகில் நிற்பவள் ஜாலா. அவளைச் செங்கோட்டைக் கேமர் எப்படிப் பார்ப்பார் என்பது நேரில் கேட்டு எழுத வேண்டிய ஆய்வு. அந்த ஆட்டம் வெளியானது கணினிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் ஸ்விட்சுக்கும். கைப்பேசிக்கு வரவில்லை.