களாக்காய் சூடிய ராஜா

பேக்கரியில் கேக் வாங்கினால் மேலே ஒரு சிவப்புப் பழம் வைத்துத் தருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அதற்காகத் தம்பி, தங்கையோடு சண்டைகூடப் போட்டிருப்பீர்கள். செர்ரி என்று நினைத்துத்தானே சாப்பிட்டீர்கள்? பல கடைகளில் அது செர்ரியே இல்லை. சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த நம்ம ஊர் களாக்காய்!

வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் இன்னும் வேடிக்கை. கிரேக்க நாட்டின் கொரிந்த் நகரத்துப் பெயரால் வந்த குட்டி உலர்திராட்சைக்கு, அந்த ஊர்ப் பெயரே திரிந்து 'கரன்ட்' ஆனது. பிறகு, இங்கிலாந்துத் தோட்டங்களில் கொத்துக் கொத்தாய்க் காய்த்த வேறொரு பழத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தியாவுக்கு வந்தவர்கள் களாக்காயைப் பார்த்ததும் 'பெங்கால் கரன்ட்' என்றுவிட்டார்கள். மூன்றுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

களாவுக்கு இரவல் பெயர் எதற்கு? ஒரு சேர மன்னனுக்கே பெயர் கொடுத்த செடி அது! களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல். முடிசூட்டும் வேளையில் முறையான மாலையும் மகுடமும் கிடைக்கவில்லையாம். களங்காயைக் கோத்துக் கண்ணியாகவும், நாரைப் பின்னி முடியாகவும் சூடிக்கொண்டான் என்கிறது பதிற்றுப்பத்தின் பழைய உரை. நன்னனிடம் பறிபோன நாட்டை மீட்டவன் இவன்தான்.

இந்தக் கதை நமக்குக் கிடைத்ததே அதிர்ஷ்டம். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவே இல்லை. நார்முடிச்சேரலைப் பாடியது நான்காம் பத்து, தப்பித்தான்! அந்த நூலை 1904-ல் அச்சேற்றியவர் உ.வே.சாமிநாதையர்.

அதே உ.வே.சா. சுவடி தேடி சங்கரன்கோவில் பக்கமும் வந்திருக்கிறார். சங்கரன்கோவிலுக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். அங்கே பால்வண்ணநாதர் கோயிலின் தல விருட்சம் எது தெரியுமா? சாட்சாத் களாதான்! பாண்டிய மன்னர் சேர்த்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையோடு போனார் ஐயர். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடவேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம். அப்படியே செய்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. எப்படி இருந்திருக்கும் அவருக்கு? அந்த வேதனையை 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார்.

ஒரே கோயில்தான். மரத்தைச் சாமியாக வைத்தார்கள்; ஓலையை நெருப்பில் போட்டார்கள். எது உசத்தி என்று யாராவது பார்த்துப் பொறுக்கி வைத்தால்தான் மிஞ்சும்.

களாச் செடியின் கதையும் இதுதான். முள் உண்டு, தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு நுழையாது என்று அதை வேலியிலேயே நிறுத்திவிட்டோம். உப்பு வரிக்காக வட இந்தியாவில் ஆங்கிலேயர் வளர்த்த பிரமாண்டமான முள்வேலியிலும், 1879-ல் அது கைவிடப்படும்வரை, களாவுக்கு இடம் இருந்தது. பிறகு பல ஊர்களில் கம்பி வேலி வந்தது, களா போயிற்று. காயைப் பார்த்து நல்ல செடியாகப் பொறுக்கி வளர்த்தவர்கள் குறைவு.

அந்த வேலையைச் செய்தது பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம். பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்று மூன்று ரகங்கள். முதல் இரண்டும் வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடிய காய். மூன்றாவது பச்சையில் பழுப்பு. மகாராஷ்டிராவின் தாபோலியிலிருந்து வந்தது 'கொங்கண் போல்டு'.

வீட்டில் கொஞ்சம் மண் இருக்கிறதா? ஊறுகாய்க்கா, ஜாமுக்கா, பறித்து அப்படியே வாயில் போடவா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஊறுகாய்க்குக் காயாகவே பறிக்கவேண்டும். பறித்துத் தின்பதற்குப் பழமாக வேண்டும். விதை போட்டு முளைத்த செடியில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும் என்று நம்பமுடியாது. நல்ல காய் காய்க்கும் செடியிலிருந்து பதியன் போட்ட கன்றாகத் தேடுங்கள். வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. அவ்வளவுதான்!

முள் குத்தும், காம்பைக் கிள்ளினால் பால் கையில் பிசுபிசுக்கும். போகட்டுமே... ஒரு ராஜாவின் மாலை உங்கள் வீட்டு வேலியில் காய்த்துத் தொங்குமே!