துண்டுப் பிரசுரமும் கைத்தொலைபேசியும்

கொழும்பிலிருந்து மலையேறி வரும் பெருவீதி பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் செல்கிறது. மற்றது கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்குகிறது. தேயிலை வெளியே போக வழியிருந்தது. செய்தி உள்ளே வர வழியிருந்ததா? மலையகத் தொழிலாளரின் அரசியல் வரலாறு பெரிதும் இவ்வினாவில் அடங்கியிருக்கிறது.

வெள்ளைத்துரைகளின் காலத்தில் தோட்டம் தனியொரு நாடாகவே இருந்தது. வெளியார் நுழைந்தால் அத்துமீறல் என்பார்கள். துரையின் கட்டளை கங்காணியின் வாயிலாகப் பிரட்டுக்களத்தில் இறங்கும். தொழிலாளியின் குரல் மேலே ஏற வழியில்லை. இந்தச் சுவரில் துளையிட்டவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். 1921இல் 'தேசநேசன்', பின்னர் 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளை நடத்திய அவர், புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியா மக்களுக்குப் பாட்டே பத்திரிகையாயிற்று.

1940இல் ஊவாவின் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்து நடக்கத் துரையும் இசைய நேர்ந்தது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா வென்றார். சொல் அமைப்பாயிற்று, அமைப்பு வாக்காயிற்று. அந்த வாக்கைக் கண்டு அஞ்சியவர்கள் வாளாவிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியே தள்ளின. 1964இல் கொழும்பும் டில்லியும் ஒப்பந்தம் செய்து இம்மக்களைத் தலை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய நாடற்றோரின் கணக்கைத் தீர்க்க 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வேறு சட்டங்கள் வேண்டியிருந்தன.

வாக்கு மீண்டது, குரல் மீண்டதா? பெரகலவுக்குக் கீழே, கொஸ்லந்தைக்கு அருகில் உள்ள மீரியபெத்தையைக் கேட்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. செய்தி இல்லாமல் அம்மக்கள் மடியவில்லை. செய்தியின்படி நடப்பதற்கு வேறு நிலமும் வேறு வீடும் இல்லாமல் மடிந்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, கறுப்புடை அணிந்த மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டனர். தேநீர்க் கடைகளிலும் துணிக்கடைகளிலும் உழைக்கும் பிள்ளைகள், கொழுந்து பறிக்கும் தம் தாய்மாருக்கு 1000 ரூபா நாட்கூலி கேட்டனர். அவர்களை அழைத்தது எந்தத் தலைவருடைய அறிக்கையும் அன்று. முகநூல் வழியே கைத்தொலைபேசிகளில் பரவிய செய்தி. நடேசய்யர் வேடமிட்டுக் கடந்த எல்லையை ஒரு விரலசைவு கடந்துவிட்டது. இதனைச் சிறிதென எண்ணுதல் தவறு.

எனினும் 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாகவே நின்றது. மேசையின் ஒருபுறம் முதலாளிமார் சம்மேளனம், மறுபுறம் பழைய தொழிற்சங்கங்கள். திடலில் நின்ற இளைஞருக்கு அங்கே நாற்காலி இல்லை. மலையில் நின்ற தாய்க்கும் இல்லை. 1000 ரூபா வர்த்தமானியில் ஏறியது 2021இல்தான்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கருவி மக்களைக் கூட்டும். கூடியவர்களை நிலைநிறுத்துவது அமைப்பு. பாட்டுக்குப் பின்னால் சங்கம் இருந்தபடியால்தான் அது வாக்காக விளைந்தது. கைத்தொலைபேசியின் செய்திக்குப் பின்னால் தோட்டந்தோறும் ஒரு கமிட்டி, அதில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு உரிய இடம், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு விதியையும் தமிழில் படித்து விளக்கும் ஓர் ஆசிரியர், இவை இல்லையெனில் அந்தச் செய்தி அடுத்த செய்தி வரும்வரைதான் வாழும். தோட்டப் பாடசாலைகளில் படித்து ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் வெளிவந்திருப்போர் இப்பணியை வேறு எவரிடம் ஒப்படைக்க முடியும்?