பெட்டியில் அச்சடித்த வேகம்

ஸ்கேன் செய்து வைத்திருந்த பழைய கெஜட்டியர் பக்கங்களில் இரண்டு ஜிப் கோப்புகள் திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் திரை நிறைய சிவப்பு வரிகள். குற்றவாளி ரேம்! அதுவும் ஓவர்கிளாக் செய்த ரேம். "நான் எப்பய்யா ஓவர்கிளாக் பண்ணேன்?"னு யோசிச்சா, பயாஸ்ல எக்ஸ்எம்பியை ஆன் பண்ணதுதான்.

இதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கு.

மெமரிக்குத் தரநிலை வகுப்பது ஜெடெக் அமைப்பு. டிடிஆர்-400க்கு அது வைத்த கணக்கு 200 மெகாஹெர்ட்ஸ், 2.6 வோல்ட். 2003 வாக்கில் ஓவர்கிளாக் பிரியர்கள் வின்பாண்டின் பிஎச்-5 சிப் உள்ள மாட்யூலாகத் தேடித் தேடி வாங்கினார்கள். 3.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால், டைமிங்கைத் தளர்த்தாமலே 250 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். பல மதர்போர்டுகள் அவ்வளவு வோல்டேஜ் தராது. அதற்கென்றே ஓசிஇசட் நிறுவனம், காலி மெமரி ஸ்லாட்டில் செருகும் டிடிஆர் பூஸ்டர் என்ற கருவியை விற்றது.

கிறுக்குத்தனம்தான். ஆனால் அவர்கள் ஒவ்வொரு படி ஏற்றியதும் மணிக்கணக்காகச் சோதித்தார்கள். எங்கே உடையும்னு அவங்களுக்குத் தெரியும்.

2006இல் என்விடியாவும் கோர்செயரும் ஈபிபி கொண்டுவந்தன. மாட்யூலில் இருக்கும் எஸ்பிடி சிப்பிலேயே வேகம், டைமிங், வோல்டேஜ் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் ஏற்பாடு இது. 2007இல் டிடிஆர்3யோடு இன்டெலின் எக்ஸ்எம்பி, 2022இல் டிடிஆர்5க்கு ஏஎம்டியின் எக்ஸ்போ. பல ராத்திரி வேலை, பயாஸில் ஒரே வரியாகச் சுருங்கியது. என் ரேம் பெட்டியில் 3200 என்று போட்டிருந்தது. எதையும் தொடாமல் விட்டால் ஜெடெக்கின் 2133இல்தான் ஓடும். டிடிஆர்4க்குத் தர அளவு 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி கேட்பது 1.35. இன்டெலின் கணக்கில் இன்றும் எக்ஸ்எம்பி ஓவர்கிளாக்தான்.

டிராம் செல் என்பது ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். அந்தத் துளி மின்னூட்டத்தைப் படிக்க நேரம் வேணும். படித்ததை மதர்போர்டு வழியாகப் பிராசசருக்குக் கொண்டுசேர்க்கவும் நேரம் வேணும். ஓவர்கிளாக் இந்த இரண்டு அவகாசத்தையும் குறைக்கிறது. எங்காவது 1 என்பது 0 ஆகிவிட்டால், சாதாரண டெஸ்க்டாப்பில் அதைக் கண்டுபிடிக்க ஈசிசி கிடையாது. கம்ப்யூட்டர் தொங்கினா நல்லது, தெரிஞ்சுடும். தொங்கலைன்னா தப்பான பிட் சமர்த்தா டிஸ்க்குக்குப் போகும், அங்கிருந்து பேக்கப்புக்கும் போகும். என் விஷயத்தில் நடந்தது அதுதான்.

3000க்கு இறக்கியதும் மெம்டெஸ்ட் சுத்தமாக முடிந்தது. ஒரு ஜிப் பழைய டிவிடியில் கிடைத்தது. இன்னொன்று போனது போனதுதான்.

எக்ஸ்எம்பி வேண்டாம்னு சொல்லலை. ஆன் பண்ணினால், அன்றைக்கு ராத்திரியே மெம்டெஸ்ட்டையும் ஓடவிட்டுத் தூங்குங்கள்.