மதீனத்து வணிகரும் மூன்று நாள் தவணையும்

வளர்ந்த மனிதரிடம் காணப்படும் அவசரமும் விளைவெண்ணாத் துணிச்சலும் குணக்கேடா, நோயா? 1902இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் உரையாற்றிய ஜார்ஜ் ஸ்டில், அறிவில் குறைவின்றியும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத சிறுவர்களை விவரித்து, அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். இன்று ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைஇயக்கக் கோளாற்றின் வரலாற்றைப் பலரும் அவ்வுரையிலிருந்தே தொடங்குவர். வளர்ந்த பின்னும் அது நீடிக்கலாம் என்பதை 1970களில் அமெரிக்க மருத்துவர் பால் வெண்டர் போன்றோர் எடுத்துரைத்தனர். சுவீடனில் ஏறத்தாழ 17,000 பேரைப் பற்றி நடந்து 2014இல் வெளியான ஆய்வு, மருந்துண்ட காலங்களில் ஆண்களுக்குக் கடும் வாகன விபத்து நேரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டிற்று. ஒழுக்கக் குறை எனப்பட்டது, மருந்துக்கு இணங்கும் கோளாறாயிற்று.

இத்தகையோரைச் சமுதாயம் எவ்வாறு நடத்துவது என்னும் வினாவுக்கு நம் மரபில் ஒரு முன்னிகழ்வு உண்டு. மதீனாவில் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்னும் நபித்தோழர் தலையிற்பட்ட காயத்தால் தீர்மானிக்கும் திறன் தளர்ந்து, வணிகத்தில் அடிக்கடி ஏமாந்தார். அவரைத் தடைசெய்யுமாறு குடும்பத்தார் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். அண்ணலார் அவரை அழைத்து வணிகத்தை விடுமாறு கூற, அதனை விட்டுத் தம்மால் பொறுத்திருக்க இயலாது என்றார் அவர். அவ்வாறாயின், வஞ்சகம் கூடாது என்பதைப் பேரத்தின்போதே சொல்லிவிடுமாறு பணித்தார்கள். வாங்கிய பொருளை வைத்துக்கொள்ளவோ திருப்பித்தரவோ மூன்று நாள் உரிமை வழங்கியதையும் சில அறிவிப்புகள் கூறுகின்றன.

ஹப்பான் (ரலி) அவர்களுடையது காயத்தின் விளைவு, ஏ.டி.எச்.டி.யோ இளமையிலேயே தோன்றுவது. இரண்டையும் ஒன்றாக்குதல் பொருந்தாது. நாம் நோக்குவது அவருக்குக் காட்டப்பட்ட வழியையே.

தமிழ் முஸ்லிம்கள் பின்பற்றும் இரு மத்ஹபுகளின் இமாம்களும் இந்நிகழ்விலிருந்து வேறுபட்ட முடிவுகளை அடைந்தனர். புத்தி தெளிந்த, வயது வந்த ஒருவரை ஊதாரித்தனத்திற்காகத் தடைசெய்தல் அவரது மனிதத் தகுதியைப் பறிப்பதாகும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர் செல்வத்தைக் காக்க அத்தடை ஆகும் என்றார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). நபியவர்கள் தடைவிதிக்கவில்லை என்பதை ஹனஃபிகள் சான்றாக்கினர். தடைகோரிய குடும்பத்தாரைக் கண்டிக்கவில்லை என்பதை மற்றவர் சான்றாக்கினர். எனினும், வாங்குபவர் மூன்று நாள் வரை விருப்புரிமை பெறலாம் என்பதில் இவ்விரு இமாம்களும் ஒன்றுபட்டனர்.

நம் மஹல்லாக்களில் ஊதாரி, பொறுப்பற்றவன் என ஒதுக்கப்படுவோருள் மருத்துவம் தேவைப்படுவோரும் இருக்கக்கூடும். அவர்களை நல்ல மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், பெருந்தொகை சார்ந்த முடிவை மூன்று நாள் தள்ளிவைக்கத் துணைநிற்பதும் குடும்பத்தாரின் கடமை. வணிகத்தை விடமாட்டாத அத்தோழர் வசைக்கு ஆளாகவில்லை, கடைத்தெருவிலேயே காக்கப்பட்டார்.