தேடலில் அகப்படாத குடவோலை: பல்கலைக்கழக நூலகக் கணினிமயமும் தமிழும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. ஊர்ச்சபை உறுப்பினரைக் குடத்தில் இட்ட பெயரோலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையின் விதிகளைச் சொல்பவை இந்தக் கல்வெட்டுகள். உள்ளூர் மாணவர் பள்ளிக்குப் போகும் வழியில் அவற்றைப் பார்க்கலாம். அவற்றைப் பற்றி அறிஞர்கள் எழுதியதைப் படிக்கவோ வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. கல்வெட்டறிஞர் வெங்கையா 1904-05-ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் ஆங்கிலத்தில் எழுதினார். நீலகண்ட சாஸ்திரியின் ஆங்கில ஆய்வைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் வெளியிட்டது. பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் எழுதிய நூல் 1970-இல் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு மொழியில் வந்தது. நூலகங்களுக்குக் கணினி வந்ததால் அந்த மாணவரின் நிலை எவ்வளவு மாறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1924-இல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகர் தாமே அலமாரியை அணுகும் முறையை வலியுறுத்தினார். ஆனாலும் நூலும் பட்டியல் அட்டையும் சேப்பாக்கத்தில்தான் இருந்தன. உத்திரமேரூரிலிருந்து அது சுமார் 90 கிலோமீட்டர்.

1991-இல் பல்கலைக்கழக மானியக்குழுவின் திட்டமாகத் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட் என்னும் நூலக வலையமைப்பு, 1996-இல் தன்னாட்சி மையமானது. அது உருவாக்கிய சோல் மென்பொருள் பட்டியல் அட்டைகளைக் கணினிக்குள் கொண்டுவந்தது. தமிழ் நூற்பெயர்கள் பல நூலகங்களில் ரோமன் எழுத்தில் பதிவாயின. ஒரே சொல்லை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியதால், இருக்கும் நூலும் இல்லை என்றே திரையில் வந்தது. ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்ற சோல் 2.0 வந்தது 2009-இல்.

2004 முதல் யுஜிசி-இன்ஃபோநெட் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு மின்னிதழ்கள் கிடைத்தன. வளாகத்து இணைப்பில் உட்கார்ந்தவருக்கே அவை திறந்தன. 2010-இல் தொடங்கிய என்-லிஸ்ட் திட்டம், அதில் சேர்ந்த கல்லூரிகளின் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தந்தது. 6,000-க்கும் மேற்பட்ட இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றானது. கிராமத்து மாணவரைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான் என்பேன். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் படிப்பும் மிச்சமாயின.

தமிழில் ஆய்வு செய்பவருக்கு அந்தப் பயன் முழுதாய் வந்து சேரவில்லை. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று மானியக்குழு 2009-இல் விதித்தது. இன்று அவற்றைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா என்ற மின்காப்பகத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. அவற்றுள் தமிழ் ஆய்வேடுகள் பல வெறும் ஸ்கேன் படங்கள். வேறு பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும், நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகக் கொட்டும். 'குடவோலை' என்று ஒருங்குறியில் தேடுபவருக்கு இரண்டுமே அகப்படா. ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்றது 2010-இல். இடைப்பட்ட 19 ஆண்டுகளில் டிஸ்கி, டாம், டாப் என ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுதினோம். அந்தப் பழக்கத்தின் விலையை இன்றைய மாணவர் கொடுக்கிறார்.

நூலகங்களுக்கு வெளியே வேலை வேகமாக நடந்தது. 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தது. அந்த உழைப்பு காலத்தோடு ஒருங்குறிக்கும் மாறியது. பல்கலைக்கழகங்கள் கவனித்துக் கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுமார் 6,300 அரசு நிறுவனங்களின் மாணவர்கள் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்கலாம். வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் பெரும்பாலும் ஆங்கில இதழ்கள். தமிழ் ஆய்வேடுகளைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றும் வேலையை நம் பல்கலைக்கழகங்களே செய்தாக வேண்டும். எழுத்துருமாற்றிகள் இருக்கின்றன, எழுத்துணரி மென்பொருள்களும் தமிழை இன்று நன்றாகப் படிக்கின்றன. 919-இல் எழுதிய விதிகளில் குறை கண்ட உத்திரமேரூர்ச் சபை, அவற்றை இரண்டே ஆண்டுகளில் திருத்திக் கல்லில் வெட்டியது. புதிதாக வரும் தமிழ் ஆய்வேடு ஒவ்வொன்றையும் ஒருங்குறியில் மட்டுமே பெறுவோம் என்று நம் பல்கலைக்கழகங்கள் இந்தக் கல்வியாண்டிலேயே விதி செய்ய வேண்டும்.