இருநூறுக்குக் கீழே

வகுப்பில் எச்ஐவி பாடம் எடுக்கும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரே ஒரு வட்டம் வரைவேன். அதுதான் சிடி4 டி செல். வைரஸ் உள்ளே போகிறது, பெருகுகிறது, செல் சாகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இந்தச் செல்கள் 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேம், இந்த இருநூறை யார் முடிவு பண்ணினாங்க?" எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடங்களாக எழுதிப்போட்ட எண் அது.

தேடப் போனதில் முதலில் கிடைத்தவர் பிரான்சுவாஸ் பாரே-சினூசி. 1983 ஜனவரியில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில், ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். வைரஸின் நொதி தென்பட்டது. சில நாட்களில் குறையத் தொடங்கியது. செல்கள் செத்துக்கொண்டிருந்தன. ரத்ததானம் செய்த ஒருவரின் வெள்ளணுக்களைச் சேர்த்தார். நொதி மறுபடி ஏறியது, புதிய செல்களும் சாகத் தொடங்கின. தனக்கு இடம் கொடுத்த செல்லையே கொல்லும் வைரஸ் இது என்பது அந்தச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது.

செல்லின் மேலுள்ள சிடி4 புரதம்தான் வைரஸின் வாசல் என்று 1984-இல் பாரிஸிலும் லண்டனிலும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த வாசல் டி செல்லுக்கு மட்டும் உரியதல்ல. கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ்களுக்கும் அது உண்டு. அவை டி செல்களைப் போலச் சட்டென்று சாவதில்லை; வைரஸைச் சுமந்தபடி திசுக்களில் கிடக்கின்றன. மூளையில் இருக்கும் அவற்றின் உறவுக்கார செல்களிலும் வைரஸ் தங்குகிறது. டென்ட்ரைட்டிக் செல்களோ, சளிச்சவ்வில் பிடித்த கிருமியை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்லிடம் காட்டுவதையே வேலையாகக் கொண்டவை. வைரஸ் அந்தக் காவல்காரியின் தோளிலேயே ஏறிப் போகிறது.

சில வைரஸ்கள் மேக்ரோபேஜில் வளர்ந்தன, ஆய்வக டி செல்களில் வளரவில்லை. வேறு சில நேரெதிர். காரணம் 1996-இல்தான் புரிந்தது. சிடி4 மட்டும் போதாது, இரண்டாவது தாழ்ப்பாளும் திறக்க வேண்டும். சிலவற்றுக்கு அது சிசிஆர்5, சிலவற்றுக்கு சிஎக்ஸ்சிஆர்4. புதிதாக ஓர் உடலில் தொற்றும் வைரஸ் பெரும்பாலும் சிசிஆர்5 வழியாகவே நுழைகிறது. இதற்கடுத்த ஆண்டு, மருந்து வைரஸை அடக்கிய பிறகும் உறங்கும் நினைவு டி செல்களுக்குள் அது மறைந்திருப்பது நிரூபணமானது. மருந்தை நிறுத்தினால் நோய் ஏன் திரும்புகிறது என்பதற்கான விடை அங்கே இருந்தது.

சரி, அந்த 200?

அமெரிக்காவில் எய்ட்ஸ் என்றால் என்ன என்று நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு நோய்ப்பட்டியல் வைத்திருந்தது. பெரும்பாலும் ஆண் நோயாளிகளைப் பார்த்து எழுதிய பட்டியல். இடுப்புக்குழி அழற்சியோ கருப்பைவாய்ப் புற்றோ அதில் இல்லை. ஆகவே எச்ஐவியோடு இவற்றால் செத்த பெண்கள் எய்ட்ஸ் கணக்கில் வரவில்லை. கணக்கில் வராதவர்களுக்கு, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைத்த அரசு உதவித்தொகையும் எட்டாமல் போனது. 1990-இல் வழக்கறிஞர் டெர்ரி மெக்கவர்ன் இதற்கு எதிராக வழக்குத் தொடுத்தார். பெண்கள் வாஷிங்டனில் திரண்டார்கள். அவர்களில் ஒருவர் கத்ரீனா ஹாஸ்லிப். நியூயார்க்கின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில், அங்கிருந்த நூலகத்திலேயே சட்டம் படித்து, எச்ஐவி உள்ள கைதிகளுக்காக அமைப்பு தொடங்கியவர்.

மையம் முதலில் தர முன்வந்தது செல் எண்ணிக்கையை மட்டும்தான்: 200-க்குக் கீழே என்றால் எய்ட்ஸ். நடுநிலையான எண் போலத்தான் தோன்றும். ஆனால் எண்ணிப் பார்க்கப் பரிசோதனை வேண்டும்; ஏழைப் பெண்ணுக்கு அதைச் செய்வது யார்? பெண்கள் விடவில்லை. கடைசியில் பரவிய கருப்பைவாய்ப் புற்றும் நுரையீரல் காசநோயும் பட்டியலில் சேர்ந்தன. (2008-இல் பாரே-சினூசி பெற்ற நோபல் பரிசின் மறுபாதி, கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸைக் கண்டறிந்தவருக்குப் போனது. வகுப்பில் இதையும் இப்போது சொல்கிறேன்.)

புதிய வரையறை 1993 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கத்ரீனா ஹாஸ்லிப் 1992 டிசம்பரில் இறந்துவிட்டிருந்தார்.